வெரி குட்

மணி அடித்து, வினாத்தாள் கொடுத்து, எல்லாரும் குனிந்தாகிவிட்டது. ஜன்னலோரத்துப் பெஞ்சு மட்டும் காலியாகக் கிடந்தது. அது வெண்ணிலாவின் இடம். அந்தப் பெஞ்சைப் பார்க்கவே கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டு சுவரோரமாக நடக்க ஆரம்பித்த மங்கையர்க்கரசி மேடம், சுவர் முடிவதற்குள் பார்த்துவிட்டாள். அவள் இங்கே நிற்க வேண்டியவளே இல்லை. ஆங்கிலத் துறைக்காரி ஆங்கிலப் பரீட்சைக்குக் காவல் நிற்கக்கூடாது என்பது இந்தக் கல்லூரியில் விதி. ஆனால் நிற்க வேண்டிய தாவரவியல் சரளா தலைசுற்றல் வந்து ஓய்வறைப் பெஞ்சில் படுத்துவிட்டாள். தேர்வு அலுவலர் வராந்தாவில் வழிமறித்து, "மேடம், அரை மணி நேரம் மட்டும் நில்லுங்க, எகனாமிக்ஸ்லேருந்து ஆளை அனுப்பிடறேன்" என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். அரை மணிதானே என்று வந்துவிட்டாள். வந்து பார்த்தால் அவளுடைய மூன்றாம் வருஷப் பிள்ளைகள், அவளுடைய தாள்: ஆங்கில மொழியின் வரலாறு, அந்த மொழி எந்தெந்தச் சீமையிலிருந்து எந்தெந்தச் சொல்லை வாங்கிக்கொண்டது என்று வருஷம் பூரா தொண்டை கட்டக் கட்ட அவளே நடத்தினது. அந்த அரை மணிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பிந்தி வருகிறவர்களை அதுவரைக்கும் உள்ளே விடலாம். அதற்குமேல் கதவைச் சாத்திவிட்டு, வராதவர் பேருக்கு நேரே சிவப்பு மையில் ஆப்சென்ட் என்று எழுத வேண்டும். சிவப்புப் பேனா மேஜைமேல் மூடியோடு கிடந்தது. சில வாரங்களாகவே வெண்ணிலா வகுப்புக்கு வரவில்லை. இன்றைக்கும் வராவிட்டால் அரியர் விழும். கடைசி வருஷத்தில் அரியர் விழுந்து, படிப்பை அப்படியே விட்டுவிட்டு எங்கேயாவது ஜவுளிக்கடையில் நிற்கப் போன பெண்களை மங்கையர்க்கரசி பார்த்திருக்கிறாள். அப்படி ஒன்று நடந்தால் அது தன்னால்தான். வேறு யார்மேலும் போட முடியாது.

வெரி குட் என்று சொன்னோமே, அதுதான் போக மாட்டேன் என்கிறது. மற்றதெல்லாம் கூட ஒரு மாதிரி மங்கிப்போய்விட்டது, அன்றைக்கு என்ன புடவை, முதல் மணியா இரண்டாவது மணியா, ஒன்றும் நினைவில்லை. அந்த வெரி குட் மட்டும் குழம்பு தாளிக்கும்போது வருகிறது, பல் தேய்க்கும்போது வருகிறது, நேற்று பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்கும்போது வந்து, ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், பக்கத்தில் இருந்த அம்மாள் "என்னாம்மா, பர்ஸ விட்டுட்டியா" என்று கேட்டாள். வெரி பிரெஞ்சிலிருந்து வந்தது, உண்மையான என்று அர்த்தம். குட் இங்கிலீஷ்காரனின் சொந்தச் சொத்து. பார், இந்தப் பாழாய்ப்போன மனசை. மானம் போய்க் கிடக்கும்போதும் பாடம் நடத்துகிறது. என்ன செய்வது, இருபது வருஷப் பழக்கம், வாயை மூடினாலும் உள்ளே ஒருத்தி சாக்பீஸோடு நிற்கிறாள். மங்கையர்க்கரசி இந்தப் பாடத்தை நன்றாக நடத்துவாள், அதைச் சொல்லாவிட்டால் பாவம். எல்லாத் துறைப் பிள்ளைகளும் ஜன்னல் வழியாக நின்று கேட்பார்கள். "இங்கிலீஷ் மாதிரி கூச்சமே இல்லாத பாஷை ஒலகத்திலேயே கெடையாது. எந்த வீட்டு வாசல்ல என்ன கெடந்தாலும் எடுத்து மடியில கட்டிக்கும்" என்று ஆரம்பிப்பாள். கொள்ளையடிக்க வந்த வடதேசத்துக் கடலோடிகள் ஊரோடு தங்கிப்போய் வானத்துக்கும் முட்டைக்கும் கத்திக்கும் ஜன்னலுக்கும் சொல் கொடுத்தார்கள், அவர்கள் என்பதற்கான சொல்லையே அவர்கள்தான் கொடுத்தார்கள். பிறகு பிரெஞ்சு பேசுகிற ராஜா வந்து உட்கார்ந்தான். மாடு வயலில் நிற்கும்வரை இங்கிலீஷில் கௌ, வெட்டித் தட்டில் வந்ததும் பிரெஞ்சில் பீஃப். "ஏன்னா மேய்ச்சவன் ஒருத்தன், தின்னவன் ஒருத்தன்" என்று அவள் சொன்னபோது வகுப்பே சிரித்தது, வெண்ணிலாதான் எழுந்து, "அப்ப மேய்ச்சவங்க கறியே தின்னலியா மேடம்? அவங்க வீட்டுல அதுக்கு என்ன பேரு வச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. மங்கையர்க்கரசிக்கு அன்றைக்கெல்லாம் மனசு குளிர்ந்திருந்தது. வீட்டில் போய்க் கணவரிடம்கூடச் சொன்னாள், இந்த வருஷம் ஒரு பெண் இருக்கிறாள், என்னமாய்க் கேட்கிறாள் தெரியுமா என்று.

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் க்ளக் என்றது. வாசலில் நிழல் ஆடியது, திரும்பினாள். தண்ணீர்ப் பானைக்கு மூடி போட வந்த அட்டெண்டர். வெண்ணிலா இல்லை. அந்த நாளுக்கு வருவோம், வராமல் எங்கே போகப்போகிறோம். தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்கள், அதுதான் பாடம். வருஷா வருஷம் அவள் காத்திருக்கிற வகுப்பு அது. கரும்பலகை முழுக்க எழுதிப்போட்டாள், கட்டுமரம் போனது, சுருட்டு போனது, மிளகுத்தண்ணி போனது, கறி, காசு, பச்சிலை, எல்லாம் போனது. "எங்கேருந்து போச்சு? எல்லாம் நம்ம கடலூர்லேருந்துதான்னு வச்சுக்குங்களேன், தேவனாம்பட்டினத்துல வெள்ளைக்காரன் கோட்டை கட்டி உக்காந்திருந்தான்ல, சுருட்டு புடிச்சுக்கிட்டே கப்பல் ஏறியிருப்பான்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். கடைசியில் இன்னொரு சொல்லையும் எழுதினாள். பறை என்ற மேளத்திலிருந்து பறையர் என்று ஒரு சனத்துக்குப் பேர். அந்தப் பேரை வெள்ளைக்காரன் வாரிக்கொண்டு போய், தன் நாக்குக்கு வளைத்து, எல்லாரும் ஒதுக்கித் தள்ளியவன் என்று அர்த்தம் எழுதி அகராதியில் வைத்துவிட்டான். இன்றைக்குப் பேப்பரில் ஒரு நாட்டோடு மற்ற நாடுகள் உறவு வேண்டாமென்றால் அந்த நாட்டுக்கு அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். தெருநாய்க்கும் அதையே போட்டான். இத்தனையையும் அவள் விளக்கினாள், உற்சாகமாக விளக்கினாள், தமிழ் இங்கிலீஷுக்குக் கொடுத்த கொடை என்றாள். கொடை என்றா சொன்னோம்? கொடை என்றுதான் சொன்னாள். அப்புறம், "வெண்ணிலா, இதை நீ படிம்மா" என்றாள்.

வெண்ணிலா எழுந்து நின்றாள். பேசவில்லை. மங்கையர்க்கரசி என்ன நினைத்தாள்? உச்சரிப்பு தெரியவில்லை என்று நினைத்தாள். அட கடவுளே, உச்சரிப்பு. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு, கல்லூரி பூராவும் தெரிந்த வழக்கம்: ஒரு சொல்லில் தடுக்குகிற பிள்ளையை எழுப்பி, மூன்று தடவை உரக்கச் சொல்லச் செய்வாள், மூன்றாவது தடவை சரியாக வந்ததும் வெரி குட் என்று உட்காரச் சொல்வாள். கெட்ட எண்ணத்தில் ஏற்படுத்திய வழக்கம் இல்லை அது. விருத்தாசலத்தில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுச் சென்னையில் எம்.ஏ. சேர்ந்த முதல் வாரம், விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் வெஜிடேபிள் என்று டேபிளை அழுத்திச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு வருஷம் அவளுக்கு டேபிள் என்றுதான் பேர். டேபிள் குளிக்கப் போகுது, டேபிளுக்குத் தபால் வந்திருக்கு. கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். தன் பிள்ளை ஒன்றுகூட வெளியே போய் அப்படிச் சிரிப்புக்கு ஆளாகக்கூடாது, சிரிக்கிறதானால் இங்கேயே நம்ம வகுப்புக்குள்ளே சிரித்துத் தொலையட்டும் என்றுதான் அந்த மூன்று தடவை. "கூச்சப்படாதம்மா, நம்ம தமிழ் வார்த்தைதானே, சொல்லு" என்றாள். வெண்ணிலா மெதுவாகச் சொன்னாள். "கேக்கல." இன்னொரு தரம் சொன்னாள், பின் பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். "லௌடர். நடு எழுத்தை அழுத்தணும்." மூன்றாவது தடவை வெண்ணிலா தலையை நிமிர்த்தி, மேடத்தின் முகத்தையே பார்த்து, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். வெரி குட்.

மறுநாளிலிருந்து வெண்ணிலா வரவில்லை. தனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு மங்கையர்க்கரசி முதல் சில நாள் ஓட்டினாள். எந்தப் பிள்ளை என்ன சாதி என்று எனக்கென்ன தெரியும், நான் அதெல்லாம் பார்க்கிறவளே இல்லை. அதை அவள் பல பேரிடம் பல தரம் சொல்லியும் இருக்கிறாள், கேட்காதவர்களிடம்கூட. தெரியாதா? இவள்தான் அந்த வகுப்புக்கு டியூட்டர். வருஷத் தொடக்கத்தில் ஸ்காலர்ஷிப் பாரங்களில் கையெழுத்துப் போட்டது யார்? "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் புள்ளைங்கள்லாம் ஆபீஸுக்குப் போங்கம்மா" என்று பாடத்தை நிறுத்திக் கூவினது யார்? எழுந்து போனவர்களில் வெண்ணிலாவும் ஒருத்தி, கதவுக்கு அருகே நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள், அது இப்போது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. சரி, தெரியும், ஆனால் மறந்துவிட்டது. மனுஷிதானே, நூறு பிள்ளைகளில் மறக்காதா? மறந்துவிட்டது என்று தன்னிடமே சொல்லிப் பார்த்தபோது நாக்கில் என்னமோ கசந்தது. இவளால் மறக்க முடிகிறது. வெண்ணிலா ஒரு நாளாவது, ஒரு பொழுதாவது, ஒரு டீக்கடை வாசலிலாவது மறந்திருப்பாளா? இதோடு நின்றிருந்தால்கூடத் தூக்கம் வந்திருக்கும். போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று வந்து மாட்டிக்கொண்டது. அன்றைக்குப் பெஞ்சு வரிசைப்படிதான் ஒவ்வொருத்தியாகப் படித்துக்கொண்டு வந்தார்கள். சுருட்டு ஒருத்தி, மிளகுத்தண்ணி ஒருத்தி. அந்தக் கடைசிச் சொல் வரிசைப்படி ஜன்னத்துக்கு வர வேண்டியது. ஜன்னத் பாதி எழுந்தும்விட்டாள். நான்தான் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு, வெண்ணிலா, இதை நீ படிம்மா என்றேன். ஏன்? ஏன் அவளை? கெட்டிக்காரப் பெண், நல்ல கேள்வி கேட்கிறவள், அதனால். கெட்டிக்காரப் பெண்ணுக்குக் கட்டுமரத்தைக் கொடுத்திருக்கலாமே. கறியைக் கொடுத்திருக்கலாமே. பார்க்கமாட்டேன் பார்க்கமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த கண், உள்ளுக்குள்ளே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சரியாக எண்ணி வைத்திருந்ததோ? பெயரையும் ஆளையும் தானே பொருத்திப் பார்த்துக்கொண்டதோ? இல்லை, இல்லவே இல்லை. இல்லை என்று யார் சொல்வது? அதைக் கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

சும்மா நிற்க முடியாமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. வினாத்தாளை அவள் சரியாகப் படிக்கவில்லை, கொடுத்ததோடு சரி. இப்போது ஒரு பெண்ணின் தோளுக்கு மேலாகப் பார்த்தபோது தெரிந்தது: இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொற்கள் பத்தை விளக்குக. சுலபமான கேள்வி, மதிப்பெண் கைமேல் கிடைக்கிற கேள்வி, எல்லாரும் அதிலிருந்துதான் ஆரம்பித்திருந்தார்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, அப்புறம் அந்தச் சொல். அடுத்த பெஞ்சிலும் அது. அதற்கடுத்ததிலும் அது. நேரே அர்த்தம்: சமூகம் ஒதுக்கித் தள்ளியவன். பக்கத்தில் உதாரணம்: அந்த நாய். எல்லாம் அவள் சொன்னது சொன்னபடி, அவள் கரும்பலகையில் போட்ட அதே வரிசையில். எழுத்துப்பிழை ஒன்று இல்லை. நடத்திய பாடம் இப்படி மணிமணியாக வந்து விழுவதைப் பார்க்கத்தானே ஒரு வாத்தியார் உயிரை விட்டு நடத்துகிறாள்? ஜன்னத்தும் எழுதியிருந்தாள், அடிக்கோடு வேறு போட்டிருந்தாள். யாரையாவது தடுத்து, அதை எழுதாதே என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் என்ன ஆகும்? மேற்பார்வையாளர் விடையைத் திருத்தச் சொன்னார் என்று ஆகும். வெளியூரில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற திருத்துபவர் இத்தனைக்கும் டிக் போட்டு முழு மதிப்பெண் போடுவார், இவளுடைய தாளில் எல்லாரும் பாஸ் என்று முதல்வர் மேடையில் பாராட்டுவார். இந்தக் கேள்வித்தாளோடு வெண்ணிலா இங்கே வந்து உட்கார வேண்டுமா? வராமலிருப்பதே அவளுக்கு நல்லது. அப்படி நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. யாருக்கு நல்லது? வராவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அந்த நல்லது யாருக்கு? வரட்டும். தாயே, வந்துவிடட்டும். வந்து உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் எழுதட்டும், எழுதாமல் போகட்டும், வந்தால் போதும்.

மின்சாரம் போய்விட்டது. விசிறி க்ளக் க்ளக் என்று சோர்ந்து நின்றது, கூடம் ஒரே இருட்டாகிவிட, பிள்ளைகள் ஸ்ஸ் என்று முனகித் தாளை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வெளியே மழைக்கு மூட்டமாக இருந்தது. வந்தால் என்ன சொல்வது? அதை யோசித்து வைக்காமலா இத்தனை நாள் இருந்தாள், தினம் யோசித்ததுதான். சாரி என்று சொல்லலாம். பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற சாரி, வரிசையில் இடித்தால் சொல்கிற சாரி, பக்கத்து வீட்டுக் குழந்தைகூட நாளைக்கு நூறு சொல்கிறது. ஒரு காலத்தில் அதற்கு வலிக்கிறது என்று அர்த்தம், புண் என்று அர்த்தம், அது இங்கிலீஷ்காரனின் சொந்தச் சொல். பார்டன் பிரெஞ்சிலிருந்து வந்தது, அபாலஜி கிரேக்கத்திலிருந்து வந்தது, ஆனால் ஷேம் வெளியிலிருந்து வரவில்லை. உலகத்துச் சொல்லையெல்லாம் வாரிக் கட்டிக்கொண்டவன் வெட்கத்துக்கு மட்டும் யாரிடமும் போய் நிற்கவில்லை, அது அவன் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நம் வீட்டிலும்தான் இருக்கிறது, வெட்கம், நாணம், கூச்சம், மானம், என்று அடுக்கடுக்காக. எதை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுப்பது? மன்னிச்சிரும்மா என்றால் நாடகம் மாதிரி இருக்கும். கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள், பரவாயில்ல மேடம் என்பாள். சொல்லித்தானே ஆக வேண்டும், டியூட்டர் ஆயிற்றே. அதையும் மூன்று தடவை சொல்ல வைப்பாயா என்று உள்ளே நின்ற சாக்பீஸ்காரி கேட்டாள். மங்கையர்க்கரசி மேஜைக்கு வந்து, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள். நேரமாகிவிட்டது. அட்டெண்டர் கதவருகே வந்து, சாத்தலாமா என்று கண்ணால் கேட்டான். இவள் கடிகாரத்தைப் பார்க்காமல், கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டினாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. வெண்ணிலா. தாவணி தோளில் பிசகி, நெற்றியெல்லாம் வேர்வை, கையில் பாலித்தீன் உறைக்குள் ஹால் டிக்கெட். கதவில் மேடத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றாள், பிறகு உள்ளே வந்தாள். "பஸ் குறிஞ்சிப்பாடியிலேயே நின்னுடுச்சு மேடம். ஷேர் ஆட்டோ புடிச்சு வந்தேன்." "சரி சரி, உக்காரு, மொதல்ல தண்ணி குடிம்மா" என்றாள் மங்கையர்க்கரசி. "வேணாம் மேடம்." ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி, பார்த்தாள். வெண்ணிலாவின் முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை, பரீட்சைக்குப் பிந்தி வந்த பிள்ளையின் பதற்றம்தான் இருந்தது. இத்தனை வாரமும் அந்தப் பெண் அன்றைய வகுப்பை நினைத்துக் குமைந்துகொண்டிருந்தாளோ என்னவோ, இல்லை அவளுக்கு வீட்டில் வேறு நூறு பாடுகள் இருந்தனவோ. மேடம் விடைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வெண்ணிலா ஜன்னலோரத்துக்குப் போய் உட்கார்ந்து வினாத்தாளைப் பிரித்தாள். முதல் பக்கம், திருப்பினாள், இரண்டாம் பக்கம். ஓர் இடத்தில் அவள் பார்வை நின்றது. எங்கே நின்றது என்று மங்கையர்க்கரசிக்குத் தெரியும். பிறகு பேனாவை எடுத்தாள்.

"மேடம், நான் வந்துட்டேன், நீங்க கெளம்புங்க" என்றார் வாசலில் எகனாமிக்ஸ் துறையின் அறவாழி. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, மங்கையர்க்கரசி ஜன்னல் பக்கம் நடந்தாள். பரீட்சைக் கூடத்தில் பேசக்கூடாது, ஆனால் ஒரு வார்த்தை, காதோடு ஒரே ஒரு வார்த்தை. வெண்ணிலாவின் பெஞ்சுக்கு அருகே ஜன்னலோரமாக நின்றாள். எந்த வார்த்தை? தமிழிலா, இங்கிலீஷிலா? இத்தனை ஆயிரம் சொற்களின் ஊரும் பேரும் கோத்திரமும் தெரிந்த வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. வெண்ணிலா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், எந்தக் கேள்வி என்று இருட்டில் தெரியவில்லை. மேடம் நிற்பது தெரிந்து பேனா நின்றது. நிமிராமலே, மரியாதையாகத்தான், மெதுவாகத்தான் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். வெளிச்சம் மறைக்குது."

மங்கையர்க்கரசி தள்ளி நின்றாள்.